ஊட்டிப்பூவும் மரவள்ளிக் குச்சியும்

விதைக் கவரைப் பிரித்ததும் முதலில் வந்தது டீசல் வாசனை. அன்று வாசலில் இருந்தது அப்பா, அம்மா, நான், கயிற்றை இழுத்துக்கொண்டு எட்டிப்பார்த்த எருமைக்கன்று, அவ்வளவுதான். லாரி டிரைவரான அப்பா ஊட்டிக்கு லோடு போன இடத்தில் வாங்கி, டூல் பெட்டியில் போட்டு, ராசிபுரத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த கவர் அது. மேலே நீலப் பூவின் படம். அப்படியொரு நீலத்தை நான் வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தில்தான் பார்த்திருந்தேன்.

"ஏனுங்க, இது தலைக்கு வெக்கறதா, சாமிக்கு வெக்கறதா?" என்று அம்மா கேட்டாள்.

"பாக்கறதுக்கு" என்றார் அப்பா.

பார்ப்பதற்கு மட்டும் ஒரு பூவா என்று அம்மா அதற்கு "ஊட்டிப்பூ" என்று பேர் வைத்து, தண்ணீர் ஊற்றும் வேலையை என்னிடம் விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விதைத்ததில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. மார்கழியில் அப்பா அஸ்ஸாமுக்கு லோடு ஏற்றிப் போனார். பொங்கலுக்கு வந்துவிடுவதாகச் சொன்னவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஊரிலேயே போன் இருந்த மளிகைக்கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே இல்லையென்று கையாட்டிவிடுவார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை நான். செடி பட்டுப்போனால் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிடும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு, அரிசி கழுவிய தண்ணீர், ஆட்டுப் புழுக்கை, சாணக் கரைசல் என்று கண்டதையும் கொட்டினேன். தின்று கொழுத்த செடி நிற்கமாட்டாமல் சாய்ந்தது. அழுதுகொண்டே பக்கத்து மரவள்ளிக் காட்டிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துவந்து ஊன்றி, சேலைக் கிழிசலால் கட்டினேன்.

எங்கள் மண்ணில் மரவள்ளிக் குச்சியைச் சும்மா செருகினாலே துளிர்க்கும். நான் வேளைக்கு வேளை தண்ணீர் வேறு ஊற்றினேன். பொங்கலுக்குள் குச்சி இலை விரித்து ஊட்டிப்பூவை மூடிவிட்டது. குச்சியைப் பிடுங்கினால் செடி விழும், விட்டால் நிழலில் வதங்கும். அம்மாவிடம் போய் நின்றேன்.

"உடு சாமி, கெழங்காச்சும் கெடைக்கும்" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து, "எதுக்கு இப்பிடி நடுங்கற?" என்றாள்.

போட்டிருந்த முடிச்சைச் சொன்னேன். மறுநாளிலிருந்து விடிந்ததும் மரவள்ளி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப்போட்டது நானில்லை, அம்மா.

பொங்கல் கழிந்து, செடியின் உச்சியில் ஒரே ஒரு நீலப் பூ விரிந்திருந்த நாளில் அப்பா வந்தார். வழியில் ஆக்சில் உடைந்து லாரி எங்கோ கிடந்ததாம்.

"பூவக் குடுத்துட்டுப் போனா, குச்சிக்கெழங்கு போட்டு வெச்சிருக்கறீங்களா?" என்றார். அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

துவைக்கிற கல் இருந்த இடம் இப்போது சிமென்ட் தரை. அவர்கள் இரண்டு பேரும் இல்லை. போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போயிருக்கும் என் மகன் தினமும் போனில் பேசுகிறான். அவன் இருக்கும் இடம் புள்ளியாகத் திரையில் தெரியும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், அந்தப் புள்ளி அசையாமல் நின்றால் வண்டிக்கு என்னவோ என்று பதறுகிறேன். இந்த ஐப்பசியில் அதே விதையை வாங்கி மாடியில் பெயின்ட் வாளியில் போட்டேன். அதன் பேர் கார்ன்ஃபிளவர் என்று கடைக்காரப் பையன் சொன்னான்; முட்டுக்கொடுக்க பிளாஸ்டிக் குச்சியும் எடுத்துக் காட்டினான். வேண்டாம் என்று வந்து, பச்சை மரவள்ளிக் குச்சியைத்தான் ஊன்றியிருக்கிறேன். விடிந்ததும் கிள்ளிப்போட எனக்கு இலை வேண்டும்.