சம்மாட்டியைக் கொன்ற ஞாயிற்றுக்கிழமை

வாரத்தில் ஆறு நாள் அவன் ஒரு ஈயைக்கூட அடித்ததில்லை. துறைமுகத்தில் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் கிளார்க். மேனேஜர் கத்தினால் ‘சரி சார்’, லாரி டிரைவர் கத்தினால் ‘சரிண்ணே’. டீயில் சீனி போட மறந்தாலும், “இருக்கட்டும் அண்ணாச்சி, உடம்புக்கு நல்லதுதான்” என்று குடித்துவிட்டு வருவான். அப்பேர்ப்பட்ட பிள்ளைப்பூச்சி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு மாடிக்கு வந்தால் கண்ணில் பட்டவனையெல்லாம் வெட்டிச் சாய்ப்பான்.

பதற வேண்டாம், வெட்டு எல்லாம் வாயால்தான். நாங்கள் ஆடியது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. நான் கதை சொல்லுவேன். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று சொல்லுவார்கள். செய்தது பலித்ததா என்று இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம்; பெரிய எண் விழுந்தால் பலித்தது. வெளிநாட்டான் இதை டிராகனும் கோட்டையுமாக ஆடுகிறான். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. பாய்மரக் காலத்து முத்துத்துறை ஒன்றை நானே உட்கார்ந்து உருவாக்கினேன். மாதா கோயில், சங்குக் கிட்டங்கி, சந்தை, சத்திரம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் குணம், குடும்பம், பேச்சு எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவன் வந்து முதல் நாளே சத்திரக்காரனைக் கொன்றான். எதற்கு என்று கேட்டால், “ஒரு மாதிரி பார்த்தாம்லா” என்றான்.

மற்ற இருவரில் ஒருவன் உப்பள ஆபீஸ்காரன். அவன் பகடையைத் தொட்டதைவிட மக்ரூன் டப்பாவைத் தொட்டதுதான் அதிகம். அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. இன்னொருத்தி தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ், பக்கத்துத் தெருப் பெண். வாரத்தில் அவளுக்குக் கிடைக்கும் ஓய்வே அந்த மத்தியானம்தான். அவளுடைய பாத்திரம், கடலில் காணாமல் போன தம்பியைத் தேடி அலைகிற ஒரு அக்கா. அவளுடைய நிஜத் தம்பியும் கப்பலில்தான் வேலை பார்க்கிறான், ஊர்ப் பக்கம் வந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது. அதனால் அந்தத் தேடலை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பியைப் பற்றித் தெரிந்த ஆளாகப் பார்த்து நான் ஒவ்வொருவராக அனுப்பினேன். அவர்கள் வாயைத் திறக்குமுன் நம் கிளார்க் தலையை எடுத்தான்.

நானும் பார்க்காத வைத்தியம் இல்லை. காவலர்களை அனுப்பினேன், வெட்டினான். சிறையில் போட்டேன், சிறைக்காரனின் காதைக் கடித்துத் துப்பிவிட்டு வெளியே வந்தான். கடைசியில் வானத்திலிருந்து இறக்கை வைத்த ஒரு சம்மனசையே இறக்கினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, “இவருக்கு உயிர் எத்தனை பாயிண்ட்டு?” என்று கேட்டான். இப்படிப்பட்ட ஆட்டக்காரரிடம் அன்பாக உட்கார்ந்து பேசுங்கள் என்று இன்டர்நெட்டில் உலகத்துப் பெரிய மனுஷன் எல்லாம் எழுதி வைத்திருக்கிறான். பேசினேன். டீயும் நானே வாங்கிக் கொடுத்தேன். “நான் அப்படி இல்லல, என் ஆளு அப்படி. நான் என்ன செய்ய?” என்றான். அடப்பாவி!

நர்ஸ் என்னிடம் தனியாகச் சொன்னாள்: “அண்ணே, விவரம் தெரிஞ்ச ஆளு இன்னும் ஒருத்தராவது மிச்சம் இருக்காரா? அவரையும் இந்த அண்ணன் கொன்னுட்டாருன்னா நான் இனிமே வரல. வீட்ல படுத்துத் தூங்குதேன்.”

மிச்சம் இருந்தது ஒரு சம்மாட்டி, அதாவது படகுகளுக்குச் சொந்தக்காரர். தம்பி கடைசியாகப் போனது அவருடைய படகில்தான். அடுத்த ஞாயிறு அவரைக் கரையில் நிறுத்தினேன். நர்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஐயா, என் தம்பி...” என்று ஆரம்பித்தாள். “எதுக்கு இவர்ட்ட கெஞ்சிக்கிட்டு? படகை நாமளே எடுத்துக்கிடுவோம்” என்று இவன் பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. சம்மாட்டி செத்தார்.

நர்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நான் “கோயிலில் துக்க மணி அடிக்கிறது” என்று சும்மா சொல்லிவைத்தேன்.

அவன் கை தன்னால் நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. “ஐயையோ, ஊர்ல சாவு விழுந்துட்டே. இன்னைக்கு ஒரு படகும் கடலுக்குப் போவாதே” என்றான். கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளை. சம்மனசுக்கு அடங்காதவன் மணிக்கு அடங்கினான்.

“போவாதுதான். எல்லாரும் துக்க வீட்டுக்கு நடங்க” என்றேன். அங்கே போனதும் கொலைகாரனுக்கு எங்கிருந்துதான் அத்தனை சுறுசுறுப்பு வந்ததோ! பந்தலுக்குச் சொல்லியாச்சா, கடுங்காப்பிக்கு ஆள் உண்டா, சாமியாருக்குத் தகவல் போச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பிளாஸ்டிக் சேர் எத்தனை வேண்டும் என்றும் கேட்டான். பாய்மரக் காலத்தில் பிளாஸ்டிக் ஏதுல என்றதும், “அப்போ பெஞ்சு கொண்டாங்க” என்றான். நர்ஸ் பையை மாட்டியபடியே மாடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சம்மாட்டியின் மனைவியானேன். குரலை இறக்கி அவனிடம் கேட்டேன்: “தம்பி, கடைசியா அவுக கூட நீங்கதான் நின்னீங்கன்னு சொல்லுதாக. அவுக ஏதும் சொன்னாகளா?”

அவன் பகடையைக் கீழே வைத்தான். அந்தக் கேள்வியை நிஜத் துக்க வீடுகளில் எத்தனையோ பேர் கேட்டு அவன் பார்த்திருப்பான். உப்பளக்காரன்கூட மெல்லுவதை நிறுத்தினான்.

“சொன்னாகம்மா.” ஆபீஸில் பேசுகிற அதே சன்னக் குரல். நர்ஸைப் பார்த்தான். “இந்தப் பிள்ளையோட தம்பி ஒரு தீவுல ஒதுங்கிக் கெடக்கானாம். உசுரோடதான் இருக்கானாம். அவகிட்ட சொல்லிரச் சொன்னாக.”

பச்சைப் பொய். நான் யோசித்து வைத்திருந்த கதையில் தம்பி கடலோடு போய்விட்டான். சம்மாட்டி வாயைத் திறந்திருந்தால் அவள் அன்றைக்கு அதைத்தான் கேட்டிருப்பாள்.

நர்ஸ் பையை இறக்கி வைத்தாள். “எந்தத் தீவு?” என்று கேட்டாள்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பென்சிலை எடுத்து, வரைபடத்தில் வெறும் கடலாகக் கிடந்த இடத்தில் ஒரு தீவைப் போட்டேன்.

“கெளம்புவோமாண்ணே?” என்றாள் அவள், அவனைப் பார்த்து.

“இரு தங்கச்சி, அடக்கம் முடியட்டும்” என்றான். “பெட்டி தூக்க ஆள் பத்தாது.”