வாசலில் கழற்றிய செருப்பு

வார நாளெல்லாம் கிளினிக் கவுன்டரில் உட்காரும் மைமூன், ஞாயிறானால் பழைய சுல்தான் அரண்மனையில் வழிகாட்டி. அது மியூசியமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. முகப்பு வெள்ளைக்காரன் பாணி, மாடி மலாய் வீட்டுப் பாணி என்று அவள் தமிழில் ஆரம்பித்தால் கூட்டம் வாய் பிளந்து கேட்கும்.

அன்று பாதிப் பேச்சில், வயதான மலாய்க்கார அம்மா ஒருவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“மக்சிக், யாராவது தடுக்கி விழுந்தா என்னைத்தான் கேப்பாங்க. இது மியூசியம் லா, போட்டுக்கிட்டே வாங்க!” என்று மலாயில் சிடுசிடுத்தாள் மைமூன்.

அந்த அம்மா கூசிப்போய்ச் செருப்பை ஓரமாக ஒதுக்கினார். “பழக்கதோஷம்மா. மியூசியமா ஆக்குற வரைக்கும் சுல்தான் வழி வந்த நாங்க இந்த மாடியிலதான் குடியிருந்தோம்.”

மைமூனுக்குச் சுருக்கென்றது. ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குள் குழாய் ரிப்பேர்காரரைக்கூடச் செருப்போடு விடாதவள் அவள். இங்கேயோ, வாராவாரம் ஷூ காலோடு நின்று, வீட்டுக்காரி மாதிரி ஊரையே “வாங்க, வாங்க” என்று அழைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

அந்த அம்மா அவள் தோளைத் தொட்டார்.

“வேணாம்மா, நீ போட்டுக்கிட்டே வா. விருந்தாளிதானே நீ.”