உப்பு தூவிய பலாமரம்

கணவர் ரிட்டயர் ஆனதும் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கடலூருக்கு வந்தோம். பாத்திரம் பண்டமெல்லாம் லாரியில் ஏறியது. கொல்லையில் நான் வைத்து வளர்த்த பலாமரம் ஏறவில்லை. அந்த ஆற்றாமையில்தான் அதை வாட்டர்கலரில் வரைய ஆரம்பித்தேன். எப்படி வரைந்தாலும் பச்சைக் குடையை விரித்து வைத்த மாதிரியே வந்தது. எரிச்சலில் நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டேன்.

போன வாரம் மகள் போனில் ஒரு வழி சொன்னாள். பச்சை ஈரமாக இருக்கும்போதே தூள் உப்பைத் தூவினால், அது சாயத்தை உறிஞ்சிக்கொண்டு, இலைகளுக்கு நடுவே வெயில் விழுந்த மாதிரி அங்கங்கே வெளுக்குமாம். "காயற வரைக்கும் கை வெக்காதம்மா" என்றாள்.

அப்படியே தூவிவிட்டு, அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்தேன். தாள் முழுக்க வெளிறிய தூள். "எழவு, ஒரு நிமிஷம் நிம்மதியா விடுதா இந்தச் சாம்பல்!" என்று திட்டிக்கொண்டே முந்தானையால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டேன். மரம் கலைந்து, பாசி பிடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

நெய்வேலியில் முப்பது வருஷமாக ஜன்னல், மேஜை, கொடியில் காயும் துணி என்று அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தட்டியே பழகிய கை. என்னைக் கேட்டா துடைக்கும்?

முந்தானையில் ஒட்டியிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இங்கே ஒரு நாளும் சாம்பல் விழுந்ததில்லை. விழுந்தால் தேவலை என்றிருந்தது.