சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது

சென்ற ஆண்டு ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது இது. மகள் இப்போது நலமாக இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் அந்தக் காலைதான் முதலில் நினைவுக்கு வரும்.

நான் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியர். எங்களுக்கு ஒரே மகள். படிப்பு முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு மெல்லிசாக, புது மாடல் லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். பள்ளி ஆய்வகத்தில் வருடக்கணக்காக அதோடு பழகியவன் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. லேப்டாப்பில் எல்லாம் நன்றாக ஓடியது, கேமராவைத் தவிர.

கேமரா படம் காட்ட வேண்டுமென்றால் அதற்கு டிரைவர் என்ற ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அது லினக்ஸின் அடிவயிற்றில், கெர்னல் என்ற பகுதிக்குள் போய் உட்கார வேண்டும். அந்தப் புது மாடல் கேமராவுக்கு முழுமையான டிரைவர் அப்போது வந்திருக்கவில்லை. எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் சோதனை முறையில் எழுதி இணையத்தில் போட்டிருந்தார்கள். நாமே இறக்கி, நாமே ஏற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை என் மனைவியிடம் விளக்கியபோது அவள் சிரித்தாள். "எங்கண்ணன் லாரிக்குத்தான் டிரைவர் கெடைக்கறதில்லைன்னு பாத்தா, உங்க கேமராவுக்குமாங்க?"

மகளுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "போன்லயே பேசிக்கலாங்கப்பா, எதுக்கு இத்தனை பாடு?" என்றுதான் சொன்னாள். நான் விடவில்லை. அவளுடைய லேப்டாப்புக்குள் இங்கிருந்தே நுழைய ஒரு வழி செய்து வைத்திருந்தேன். வாரநாட்களில் போனில் குரல் மட்டும் கேட்போம். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று ஏற்பாடு.

முதலில் படமே வரவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. பிறகு படம் வந்தது, மகள் தலைகீழாகத் தொங்கினாள். அதைச் சரிசெய்தால் பாசி பிடித்த கிணற்றுக்குள் இருப்பவள் மாதிரி பச்சையாகத் தெரிந்தாள். நிறத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி அந்த டிரைவரில் அரைகுறையாகத்தான் இருந்தது. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று நாம்தான் எண்களை மாற்றிக் கொடுக்க வேண்டும். பல ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. ஒரு வழியாக, ஆனி மாதத்தில் அவள் முகம் அவள் முகமாகவே தெரிந்தது. நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

உண்மையைச் சொன்னால், நான் பயந்த சுபாவக்காரன். மகள் வெளியூர் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சாப்பிட்டாளா, ரோட்டை ஒழுங்காகக் கடந்தாளா என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பயத்தோடு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. எதையாவது சரிசெய்துகொண்டிருந்தால் அவளையே பார்த்துக்கொள்கிற மாதிரி எனக்கு ஓர் ஆறுதல்.

அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள்தான் அவள் லேப்டாப்பில் கெர்னல் புதுப்பிப்பு ஒன்று வந்திருந்தது. புதுப்பிப்பு வந்தால் சோதனை டிரைவர் ஏதாவது தகராறு செய்யும் என்பது எனக்குப் பழக்கம். எனவே கேமராவைத் திறந்ததும் அவள் முகம் மஞ்சளாகத் தெரிந்தபோது நான் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

என் தோளுக்குப் பின்னால் நின்ற மனைவிதான் கேட்டாள். "ஏஞ்சாமி, மஞ்சப் பூசிக் குளிச்சியா?"

"இங்க எவம்மா மஞ்சப் பூசறா?" என்று மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ரெண்டு மூணு நாளா காய்ச்சல் மாதிரி இருக்குதும்மா. சோறே எறங்க மாட்டேங்குது. பாத்தாலே கொமட்டுது. ரூம்ல இருந்தேதான் ஆபீஸ் வேலையப் பாக்கறேன்."

கூடத் தங்கியிருந்த பெண் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். அறையில் மகள் தனியாக இருந்தாள்.

மனைவி என் காதருகே குனிந்தாள். "ஏனுங்க, புள்ள மூஞ்சி நல்லால்லீங்க. ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தர்லாமுங்க. இப்பப் பஸ் ஏறுனா சாயங்காலத்துக்குள்ள போயிரலாம்."

"அட, அது கேமரா. நேத்து அப்டேட் வந்துதல்ல, கலர் மாறிப்போச்சு" என்றேன். "கொஞ்சம் பொறு. இப்பச் சரி பண்ணிக் காட்டறேன்."

அவள் உள்ளே போனாள். அலமாரி மேலிருந்து பயணப் பையை இறக்கும் சத்தம் கேட்டது.

நான் எண்களை மாற்ற ஆரம்பித்தேன். மஞ்சளைக் குறைக்க நீலத்தைக் கூட்ட வேண்டும். கொஞ்சம் கூட்டுவேன், மகள் அழைப்பைத் துண்டித்து மறுபடி வருவாள், பார்ப்பேன், இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். அவளுக்கு உட்காரவே முடியவில்லை என்பது இப்போது நினைத்தால் தெரிகிறது. தலையணையை முதுகுக்கு வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு முறையும், "இப்பப் பாருங்கப்பா" என்று பொறுமையாக முகத்தைக் காட்டினாள்.

நிறம் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு வெள்ளைத் தாளைக் கேமரா முன் பிடிக்க வேண்டும். தாள் வெள்ளையாகத் தெரியும் வரை எண்களை மாற்ற வேண்டும். என் மாணவர்களுக்கு அதைச் சொல்லியே கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு நான் தாள் கேட்கவில்லை. என் மகளின் நிறம் எனக்குத் தெரியாதா என்ன? பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். அந்த முகத்தையே அளவாக வைத்துக்கொண்டேன்.

நடுவில் மகள் சொன்னாள். "அப்பா, எனக்குப் பின்னாடி செவுரு நீலமாட்டத் தெரியுது பாருங்க. மொதல்ல வெள்ளையாத்தான் இருந்துச்சு."

அவள் சொன்னது என் காதில் விழாமல் இல்லை, நன்றாகவே விழுந்தது. "செவுரு கெடக்குது சாமி. எனக்கு உம் மூஞ்சிதான் முக்கியம்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்துச் சிரிக்கவும் செய்தேன்.

கடைசியில் முகம் வந்தது. பழைய மாநிறம், பழைய களை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, உற்றுப் பார்த்து, பெருமூச்சு விட்டாள்.

"இப்பத்தான் என்ற புள்ளையாட்ட இருக்கறா."

"நான் சொல்லல?" என்றேன். மகளிடம், "காய்ச்சல் மாத்திரை போட்டுட்டு நல்லாப் படுத்துத் தூங்கு சாமி. ஆடிப் பதினெட்டுக்கு எப்படியும் வாரயில்ல?" என்று கேட்டேன்.

"வாரேங்கப்பா" என்றாள்.

மனைவி பையை மறுபடியும் அலமாரி மேல் ஏற்றி வைத்தாள்.

திருத்துவதற்கு முன் ஒரு படம், திருத்திய பின் ஒரு படம் என்று திரையைப் படமெடுத்து என் போனில் வைத்திருந்தேன். மறுநாள் பள்ளியில் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன். "மொதப் படத்துல சீக்காளியாட்ட இருக்குது சார், ரெண்டாவதுலதான் புள்ளையாட்ட இருக்குது" என்று கணக்கு ஆசிரியர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. டிரைவரைச் சோதிப்பவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் என்னுடைய எண்களையும் எழுதிப் போட்டேன். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் நன்றி சொன்னார்.

பண்டிகை வரை போனில் அவள் குரல் சோர்ந்துதான் இருந்தது. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையும், அசதியாக இருக்கிறது என்று போனிலேயே பேசி முடித்துவிட்டாள். பண்டிகைக்கு லீவு கிடைக்க வேண்டுமென்று கூடுதலாக வேலை செய்கிறாள் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். முகத்தைத்தான் பார்த்துவிட்டோமே என்ற தைரியம். அவளும் நான் சொன்னபடி, உடம்பு வலிக்கும்போதெல்லாம் அந்தக் காய்ச்சல் மாத்திரையைப் போட்டிருக்கிறாள். சிறுநீர் மஞ்சளாகப் போனதைச் சூடு என்று நினைத்திருக்கிறாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய நாள் அவளை அழைத்து வர நாங்கள் இருவரும் சேலம் ஜங்ஷனுக்குப் போயிருந்தோம். பளீரென்று வெயில். ரயில் வந்து கூட்டம் கலைந்த பிறகுதான் அவள் இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. எங்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

முகம் மட்டுமல்ல, கழுத்து, கை, நகம் எல்லாம் மஞ்சளாக இருந்தது. கண்ணின் வெள்ளை, பழுத்த எலுமிச்சம்பழத் தோல் போல இருந்தது.

அந்த நொடியில் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? நீலத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று வந்தது. வெட்கமாக இருக்கிறது எழுத. ஆனால் அப்படித்தான் வந்தது. அதன் பிறகுதான் நடுவில் கேமரா எதுவும் இல்லை என்பது உறைத்தது.

மனைவி, "சாமீ!" என்று கத்திக்கொண்டு ஓடிப் பிடித்தாள். அவள் பிடித்திருக்காவிட்டால் மகள் பிளாட்பாரத்திலேயே விழுந்திருப்பாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மஞ்சள் காமாலை. கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தது, ரத்தம் உறைய வேண்டிய வேகத்தில் உறையவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்து வந்து கேட்டார். "எத்தனை நாளா இப்படி மஞ்சளா இருக்கு? யாருமே பாக்கலையா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

நான் போனை எடுத்து முதல் படத்தைக் காட்டினேன். டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுலயே நல்லாத் தெரியுதே. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே. கல்லீரல் இப்படி இருக்கறப்போ காய்ச்சல் மாத்திரைய வேற தொடர்ந்து போட்டிருக்காங்க..."

பேசிக்கொண்டே அவர் விரல் பட்டு அடுத்த படம் வந்தது. நிறம் திருத்திய படம். அவர் கொஞ்சம் குழம்பி, "இது எப்ப எடுத்தது? காமாலைக்கு முன்னாடியா?" என்று கேட்டார்.

"அதே நாள்தானுங்க" என்றேன்.

உள்ளே விடாத நேரங்களில் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அந்த முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பின்னால் அவள் அறையின் சுவர். சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. நிறம் தவறாகக் காட்டுகிற கேமரா சுவரையும் சேர்த்துத்தான் மஞ்சளாகக் காட்டியிருக்கும். இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். புதுப்பிப்புக்குப் பிறகும் அந்த டிரைவரில் எந்தக் கோளாறும் இல்லை. அத்தனை மாதம் நான் பாடுபட்டுச் சரிசெய்த கேமரா, தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில் உள்ளதை உள்ளபடி காட்டியது. அதை நம்பாமல் திருத்தியவன் நான்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "பொட்டி சரியாத்தானுங்க காட்டுச்சு. நானும் சரியாத்தான் சொன்னேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் இன்று வரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மகள் பிழைத்தாள். மெதுவாகக் கண் வெளுத்தது. வீட்டுக்கு வந்த பிறகு உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டே ஒருநாள், "பியூட்டி பார்லருக்கே போகாம உக்காந்த எடத்துல என்னையக் கலராக்கீட்டீங்களேப்பா" என்று கேலி செய்தாள். அவள் என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

இணையப் பக்கத்திலும் எழுதினேன். 'நான் கொடுத்த எண்களை யாரும் பயன்படுத்த வேண்டாம். கேமரா சரியாகவே காட்டியது. தவறு என்னுடையது.' முன்பு நன்றி சொன்ன அதே ஆள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். எழுதவில்லை.

மகள் மறுபடியும் பெங்களூரில் இருக்கிறாள். அன்றைக்கு நான் மாற்றிய எண்களை அழித்துவிட்டு, ஆனி மாதத்து எண்களையே திரும்ப வைத்துவிட்டேன். கேமரா எப்படிக் காட்டுகிறதோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது மனைவிதான் திரைக்கு முன்னால் உட்காருகிறாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறேன். அழைப்பு வந்து படம் தெளிந்ததும் முதலில் மகளுக்குப் பின்னாலிருக்கும் சுவரைத்தான் பார்க்கிறேன். சுவர் வெள்ளையாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருகிறது.