இடது காதுப் பக்கம்

குவைத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கூத்தாநல்லூரில் நான் எஸ்டிடி பூத் வைத்திருந்த சமயம். முதல் தடவை பள்ளிவாசலில்தான் வந்தது. ஸஜ்தாவிலிருந்து தலையைத் தூக்கியதும் சுவர்களெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. பக்கத்தில் தொழுதவர் மேல் அப்படியே சாய்ந்துவிட்டேன். இடது காது அடைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் பம்பு செட் ஓடுகிற மாதிரி ஒரே இரைச்சல். தலைவலி கொஞ்சமும் இல்லை. மறுநாள் எழுந்தால் எல்லாம் சரியாகியிருந்தது.

பிறகு கடைத்தெருவில், வாய்க்கால் பாலத்தில் என்று அடிக்கடி வந்தது. தலை கிறுகிறுக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது. நான் குடிக்கிறேன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இத்தனை வருஷம் குவைத்தில் சாராயத்துக்கு எங்கே போயிருப்பேன் என்று ஒரு புத்திசாலியும் யோசிக்கவில்லை.

என் மனைவி மட்டும் நம்பவில்லை. சொந்தக்காரர் ஒருவர் அவளுக்குப் புத்தி சொல்ல வீட்டுக்கே வந்தார். "அவங்க வாயில ஒரு சொட்டுப் பட்டிருக்காது. நீங்க எழுந்து போங்க" என்று விரட்டிவிட்டாள். உள்ளே படுத்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், இவள் ஒருத்தி போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள்தான் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனாள். சின்ன வயதில் ஒற்றைத் தலைவலி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இருந்தது என்றேன்.

"சில பேருக்கு அது உள்காதையும் பாதிக்குங்க. தலை சுத்தும், காது இரையும், கொஞ்ச நேரம் மந்தமாயிடும். சமயத்துல தலைவலியே இல்லாமலும் வரும்" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். குறையும், ஆனால் மறுபடியும் வரலாம் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் வழி முழுக்க அவள் என் கையை விடவில்லை. ஊருக்கு வந்ததும் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொன்னாள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் மறுபடி வந்தது. வலது காதைத் தலையணையில் அழுத்தி, கண்ணை மூடிப் படுத்துக் கிடந்தேன். கன்னத்தில் அவள் மூச்சு பட்டது. ஆறுதலாக ஏதோ சொல்கிறாள், அடைத்த காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

"என்ன சொன்னே?" என்று கண்ணைத் திறந்தேன்.

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஊரே பேசியபோது வராத அவமானம் எனக்கு அப்போது வந்தது.

இப்போதெல்லாம் தலை சுற்ற ஆரம்பித்தால், அவள் பக்கத்தில் வருவதற்கு முன்பே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்துவிடுகிறேன்.