குரல் எழாத வரி

என் அத்தைக்கு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. கையெழுத்துப் பிரதியை அவர் உரக்கப் படிப்பார்; நான் அச்சுத் தாளில் சரிபார்ப்பேன். மேற்கோள் குறி வந்தால் "திற" என்பார், பேச்சு முடிந்ததும் "மூடு". அடிக்கோடிட்ட வரிகள் அச்சில் சாய்வெழுத்தாகும். அவற்றுக்குக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"சாய்ஞ்ச எழுத்து மனசுக்குள்ள நினைக்கறதுடி. அதக் கத்திப் படிச்சா மானம் போயிடும்."

வீட்டிலும் அவருக்குப் பாதி நேரம் இதே பேச்சுதான். "நான் என்ன அலமாரியா, திற மூடுன்னு சொல்ல?" என்று மாமா சிரிப்பார்.

ஒரு மத்தியானம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்து எங்களருகே உட்கார்ந்தார். இறந்துபோன மனைவியைப் பற்றி, பிள்ளைகளுக்காக ஒரு சிறு புத்தகம் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், காய்ச்சலில் கிடந்த மனைவியை விட்டு அவர் கடைக்குக் கிளம்புகிறார்.

"திற" என்றார் அத்தை. அடுத்த வரியில் குரல் அமுங்கிவிட்டது.

நீங்க போங்க, எனக்கு ஒண்ணுமில்ல.

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தார். முந்தைய வரி கணீரென்று வந்தது. இந்த வரிக்கு உதடுதான் அசைந்தது.

"ஏம்மா, அங்க மட்டும் முழுங்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"தெரியலைங்க. தொண்டையை யாரோ புடிக்கற மாதிரி இருக்கு."

"நல்லாப் படிங்க. அவ சொன்னதுதான் அது. அப்படித்தான் பிள்ளைங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்."

அத்தை எழுந்து நின்று படித்தார். மூச்சுக்காற்று மட்டுமே வந்தது. பக்கத்து அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது; ஆனாலும் அந்த முணுமுணுப்பு காதருகே கேட்டது.

கடைக்காரர் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் பென்சிலை வாங்கி, மேற்கோள் குறிகளை அடித்துவிட்டு, வரிக்குக் கீழே கோடு இழுத்தார்.

"அவ சொல்லலை. சொல்லியிருக்கணும்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

இப்போது அத்தை தாழ்ந்த குரலில் தடங்கலில்லாமல் படித்து முடித்தார். அதற்குக் கீழே வெற்றுத்தாள். அதையே பார்த்தபடி, பக்கத்து அறை வரை கேட்கும்படி சொன்னார்:

"போகாதீங்க. இன்னிக்கு மட்டும் இருங்க."

பென்சில் கீழே விழுந்தது.

"என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க? முடிஞ்சுதே" என்றார் அத்தை. சொன்னது அவருக்கே தெரியவில்லை.

கடைக்காரர் நாற்காலியை அத்தையின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருக்கேன்" என்றார்.