அவள் எப்படி இருந்தாள்

எங்கள் முதல் பெண் இறந்தே பிறந்தாள். ஒரகடம் கம்பெனியிலிருந்து யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கணவர் அவளைப் பென்னலூர் வீட்டுக்குத் தூக்கிவந்தார். அடக்கத்துக்கு முன் பாஸ்டர், "ஆண்டவரே, இவங்களுக்குச் சீக்கிரமே வேறொரு பிள்ளையைத் தாரும்" என்று ஜெபித்தார். கணவர் ஆமென் சொல்லவில்லை.

"வேற புள்ளைய அப்பால கேக்கலாம் பாஸ்டர். இன்னிக்கு இவளுக்காக ஜெபம் பண்ணுங்க. இவள மாதிரி இன்னொருத்திய ஆண்டவர் படைக்கப் போறதில்ல."

பாஸ்டர் என் பக்கம் திரும்பினார். பிறகு என்னிடம், "கொழந்த எப்டிம்மா இருந்தா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. சுருட்டை முடி, காதோரம் ஒரு மச்சம், கோபித்துக்கொண்டாற்போலச் சுருங்கிய நெற்றி என்றேன். அவர் ஒவ்வொன்றையும் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி செலுத்தினார். நான் வாய்விட்டு அழுதேன்.

பிறகு மகன் பிறந்தான். குறை தீர்ந்தது என்கிறார்கள். தீரவில்லை.